அபராதம் கட்டிவிட்டுப் போகிறவரை என்ன செய்வது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மூன்று ஊராட்சிகளில் இருந்து ஒரே மாதிரியான புகார் வந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துவாரியில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக டிப்பரில் ரப்பீஸ் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் அது. அன்றைக்குக் கடன் விண்ணப்பங்கள் நிறைய இருந்ததால் பேச நேரமில்லை. இன்றைக்கு நிதானமாகப் பேசுவோம்.

கொஞ்சம் கல்லும் காரையும்தானே, இதுக்கு என்ன இவ்வளவு சத்தம் என்று கேட்கிறவர்கள் நம் ஊர்களில் உண்டு. வீட்டுக் குப்பை என்றால் நாறும், ஈ மொய்க்கும், எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். கட்டடக் கழிவு நாறாது. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் குப்பையில் பாதி ஒரு வருடத்தில் மக்கிப் போகும், இடித்த சிமென்டு மக்காது. குறுகலான ஒரு வாரியில் இரண்டு டிப்பர் லோடு குறுக்கே கிடந்தால் போதும், முதல் மழைத் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். நம் மாவட்டத்தில் கண்மாய்கள் சங்கிலி மாதிரி இருக்கின்றன. மேல் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். கொட்டினது ஒரு ஊரில், காய்ந்து போவது அடுத்த ஊர் வயல். அதனால் நஷ்டப்படுகிறவருக்குக் குற்றவாளி யார் என்றே தெரியாது. உடைந்த ஓடு, துருப்பிடித்த கம்பித் துண்டு, கண்ணாடி எல்லாம் ஆடு மாடுகள் காலிலும், துணி துவைக்கப் போகிற நம் காலிலும் குத்துகின்றன. நூறு நாள் வேலையில் எத்தனை வருடம் வெயிலில் நின்று நாம் தூர் வாரின வாய்க்கால்கள் இவை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பெரிய ஆறு எதுவும் வருடம் முழுக்க ஓடாத சீமை இது. 1878 முதல் 1894 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி, நகரத்தைத் திருத்தி அமைத்தபோது குளங்களைச் சீர்செய்வதையும் முக்கிய வேலையாக வைத்துக்கொண்டார். 2024ல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் வளரட்டும், சந்தோஷம்தான். ஆனால் நகரத்தில் இடிக்கிறது எல்லாம் பக்கத்துக் கிராமத்து வாரிக்கு வருவதா?

இந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது என்று எங்கள் களப்பணியில் கவனித்துப் பார்த்தோம். பாதி தனியார் வீடுகள், கடைகள். மீதி அரசாங்க வேலைகளில் இருந்து வருகிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக்கூடச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு, நம் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் இடிப்பது எப்படி நடக்கிறது தெரியுமா? பழைய கட்டடத்தை ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுக்கிறவருக்கு லாபம் கம்பியில், மரத்தில், கதவு ஜன்னலில். நல்ல செங்கல் இருந்தால் அதுவும் போகும். மிஞ்சுகிற காரையும் கான்கிரீட்டும் அவருக்கு வெறும் செலவு. ஒவ்வொரு நடைக்கும் டீசல் போட வேண்டும். பக்கத்தில் இருக்கிற பள்ளம்தான் மலிவு. அந்தப் பள்ளம் நம்முடைய வாரி.

இப்போது உரிமம் பற்றி. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நம் தெருவில் வீடு கட்டித் தருகிற மேஸ்திரிக்குத் தனியாகத் தொழில் உரிமம் என்று ஒன்று கிடையாது. அவர் கொட்டினால் ‘உரிமத்தை ரத்து செய்’ என்று கேட்க முடியாது, இல்லாததை எப்படி ரத்து செய்வது? ஆனால் அரசாங்க வேலை எடுக்கிற ஒப்பந்தக்காரர் அப்படி இல்லை. பொதுப்பணித் துறையில் முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பதிவு இருக்கிறது. அந்தப் பதிவு இல்லாமல் டெண்டர் போட முடியாது. அதேபோல வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற பொறியாளர் 2019ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி பதிவு பெற்றவர். அப்படியானால் பதிவும் உரிமமும் எங்கே இருக்கிறது? நம்முடைய வரிப்பணம் போகிற இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சாலை, தண்ணீர்த் தொட்டி கட்டுகிறவர் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பிழைக்கிறார். அந்தக் காகிதத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது.

அபராதம் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நம் குழுவையே எடுத்துக்கொள்வோம். கூட்டத்துக்கு வராதவருக்கு 5 ரூபாயோ 10 ரூபாயோ அபராதம் என்று தீர்மான நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த ரூபாயை மகள் கையில் கொடுத்தனுப்பிவிட்டு வராமலே இருக்கிற அக்காமார்கள் இல்லையா? சிரிக்கிறீர்கள், பெயர் சொல்லப் போவதில்லை. அதே அக்காவிடம் ‘தொடர்ந்து மூன்று கூட்டம் வராவிட்டால் அடுத்த சுழற்சியில் உள்கடன் இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள், முதல் ஆளாக வந்து பாய் விரிப்பார். ஒப்பந்தக்காரரும் மனுஷன்தான். அபராதத்தை அவர் செலவுக் கணக்கில் எழுதிவிடுவார். அடுத்த டெண்டர் கிடைக்காது என்றால்தான் யோசிப்பார்.

சட்டத்திலும் நடந்தது என்ன என்று பாருங்கள். 1986ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்து வருடம் வரை சிறை என்று இருந்தது. 2023ல் அதைத் திருத்தி, 2024 ஏப்ரல் முதல் சிறையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயில் இருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய தொகை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கிராமத்து வாரியில் கிடக்கிற ரப்பீஸுக்கு அந்தத் தொகையை விதிக்கிற அதிகாரி வரை நம் மனு போய்ச் சேர வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் மாட்டுவது டிப்பர் ஓட்டுநர். அவர் தினச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவர், நம் அண்ணன் தம்பி மாதிரி ஒருத்தர். அனுப்பினவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

கட்டடக் கழிவுக்கு என்றே மத்திய அரசு 2016ல் விதிகள் போட்டது. ஒரு நாளைக்கு 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு மாதத்தில் ஒரு வேலைக்கு 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குகிறவர் வேலை தொடங்கும் முன்பே, இதை என்ன செய்யப் போகிறேன் என்று திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அதில் இருந்தது. கான்கிரீட் தனி, மண் தனி, இரும்பு மரம் பிளாஸ்டிக் தனி, செங்கல் காரை தனி என்று பிரிக்க வேண்டும். சாலையிலும் வாய்க்காலிலும் போடவே கூடாது. பிறகு 2025ல் புது விதிகள் வெளியாகி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று தேதி குறித்தார்கள். அதில் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களுக்குக் கூடுதல் பொறுப்பு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வேலைகள் அந்த அளவுக்கு வராது. அதனால் நமக்குப் பெரிய விதியை விட, ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிற சின்ன வரிதான் உதவும். அதற்குப் பிறகு வருகிறோம்.

சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் பல ஆயிரம் ஏக்கர் பரந்து கிடந்த இடம் அது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கொட்டி மேடாக்கி, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதே பெரும் போராட்டமாகி, 2022ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை அரைத்துத் திரும்பப் பயன்படுத்துகிற நிலையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து பெரிய கட்டுமானங்கள் விதியை மீறினால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றும் அறிவித்தார்கள். முதலில் கொண்டுபோய்ப் போட ஒரு இடம், அதற்குப் பிறகு தண்டனை, அந்த வரிசை சரிதான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள்! போனில் பேசும்போது கேட்டுப் பாருங்கள். அங்கே வண்டியில் கொண்டுபோய்க் கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவையே 50,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும். வண்டியையும் பறிமுதல் செய்யலாம். கழிவு ஏற்றுகிற தொழிலுக்கே உரிமம் வேண்டும், அது போனால் தொழிலும் போச்சு. அங்கே வாரிக்கொட்டாத அதே ஆட்கள் ஊருக்கு வந்தால் கொட்டுகிறார்கள். ஆள் அதேதான், பயம்தான் இல்லை.

சரி, இங்கே நாம் எங்கே பிடிப்பது? அரசாங்க வேலை என்றால் ஒப்பந்தக்காரருக்குப் பணம் ஒரே தடவையில் போவதில்லை. பொறியாளர் அளந்து எம்.புக்கில் எழுதி, பகுதி பகுதியாகப் பில் போகும். கடைசியில் பைனல் பில். பாதுகாப்பு டெபாசிட் ஒன்று அதற்குப் பிறகும் பிடித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில், வேலை முடிந்ததும் இடிபாடுகளை அப்புறப்படுத்தி இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். நாம் சொன்ன சின்ன வரி இதுதான். அப்புறப்படுத்துவது என்றால் பக்கத்து வாரியில் போடுவது இல்லை. ஆகவே நம் மனு பைனல் பில் போவதற்கு முன்பு போய்ச் சேர வேண்டும். பில் போன பிறகு நாம் எவ்வளவு கத்தினாலும், அவர் அடுத்த ஊரில் அடுத்த வேலையில் இருப்பார்.

பில்லை நிறுத்துவது முதல் படி. கழிவை அவர் செலவிலேயே அள்ள வைப்பது இரண்டாவது. அள்ளாவிட்டால் துறையே அள்ளிவிட்டு டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் செய்கிறவர் என்றால் பதிவை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கள் அபிப்பிராயத்தில், எடுத்த எடுப்பிலேயே ‘ரத்து செய், கறுப்புப் பட்டியலில் போடு’ என்று மனு எழுதுவது புத்திசாலித்தனம் இல்லை. 1974லேயே உச்ச நீதிமன்றம், ஒருவரிடம் விளக்கம் கேட்காமல் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அவசரத்தில் உத்தரவு போட்டால் அவர் ஒரு வாரத்தில் தடை வாங்கிவிடுவார். ‘விளக்கம் கேட்டு, விசாரித்து, நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். அந்த மூன்று வார்த்தை இருந்தால் அதிகாரிக்கும் தட்டிக் கழிக்க வழி இல்லை.

விளக்கம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? ‘எங்கே கொட்டுவது, இடம் காட்டுங்க’ என்பார். அந்தக் கேள்வி நியாயம்தான், அதை நாம் மறுக்கக் கூடாது. இடம் ஒதுக்க வேண்டியது உள்ளாட்சியின் வேலை. நிதி இல்லை என்று அங்கே பதில் வரும். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்கிற ஊரில் சாக்கடை நாற்றம் தாங்காமல் ஒரு தெருவில் குடியிருந்தவர்கள் நகராட்சி மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பணம் இல்லை என்பதைக் காரணம் காட்டி நகராட்சி கடமையில் இருந்து தப்ப முடியாது என்று 1980ல் தீர்ப்பு வந்தது. அவர்கள் முதலில் போனது பெரிய நீதிமன்றத்துக்கு இல்லை, உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம். பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பிரிவு முன்பு 133, இப்போது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 152. நம் மாவட்டத்தில் கோட்டாட்சியரிடம் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுக்கலாம். தனியார் வீட்டு இடிபாட்டுக்கும் இது பொருந்தும், உரிமம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே வராது.

அடுத்துச் சொல்லப் போவது கொஞ்சம் கனமான விஷயம். 2025 ஜனவரி 17 அன்று திருமயம் பக்கத்தில் ஜகபர் அலி என்பவர் லாரி மோதி இறந்தார். சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றி அதிகாரிகளுக்குத் தொடர்ந்து மனு கொடுத்து வந்தவர். முதலில் விபத்து என்றார்கள். பிறகு கொலை வழக்காகி, குவாரி நடத்தியவர்கள் உட்படக் கைதாகி, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இது நம் மாவட்டத்தில், நமக்குத் தெரிந்த சாலையில் நடந்தது. ரப்பீஸும் கல்குவாரியும் ஒன்றில்லைதான். ஆனால் டிப்பர் ஓடுகிற தொழிலில் பணமும் ஆளும் எப்படி என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு பெண் தனியாகப் போய் ராத்திரியில் டிப்பரை மறிக்கவே கூடாது. ஒருவர் பெயரில், ஒருவர் போன் நம்பரில் மனு போகக் கூடாது. குழுத் தீர்மானம், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் தீர்மானம், பக்கம் பக்கமாகக் கையெழுத்து, இப்படித்தான் போக வேண்டும்.

சித்தாள் வேலைக்குப் போகிற உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. கழிவு எங்கே போகிறது என்பது முதலில் தெரிவது உங்களுக்குத்தான், சட்டியில் அள்ளி வண்டியில் போடுகிறவர்களே நீங்கள். ஆனால் சொன்னால் அடுத்த நாள் வேலை இருக்காது. அதனால் உங்கள் கையெழுத்து மனுவில் வேண்டாம் என்று சொல்கிறோம். குழுவில் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள், மற்றவர்கள் பார்த்துக்கொள்வோம். இதை ஒருத்தரும் வெளியில் பேசக் கூடாது.

ஒப்பந்தம், டெண்டர் எல்லாம் ஆம்பளை விஷயம், நமக்கு என்ன தெரியும் என்று ஒரு அக்கா போன தடவை கேட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், இந்த மாவட்டத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். குடுமியான்மலைப் பக்கம் கேட்டால் பெரியவர்கள் சொல்வார்கள். அதுவரை கங்காணிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அடிமை மாதிரி இருந்தவர்கள் குத்தகைப் பணம் கட்டினார்கள், கணக்கு எழுதினார்கள். அறிவொளியில் கையெழுத்துப் போடப் பழகி, சைக்கிள் விடப் பழகின அதே காலம். குத்தகை என்றால் நிபந்தனை உண்டு, மீறினால் போய்விடும் என்று நம் மாவட்டத்துப் பெண்களுக்கு அனுபவத்திலேயே தெரியும்.

இனி வேலைக்கு வருவோம். கழிவைப் பார்த்ததும் பகலில், நாலு பேராகப் போய்ப் போட்டோ எடுங்கள். வாரி, கலிங்கு, மடை என்று இடம் தெரிகிற மாதிரி எடுங்கள், தேதியை நோட்டில் எழுதுங்கள். கழிவில் பழைய பள்ளிப் பலகை, பெயிண்ட் எழுத்து, டைல்ஸ் ஏதாவது இருந்தால் அதைக் கிட்டத்தில் எடுங்கள். எந்தக் கட்டடத்துடையது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். சுற்றுவட்டாரத்தில் நடக்கிற வேலைகளின் பெயர்ப் பலகையைப் பார்த்து வேலையின் பெயர், துறை, தொகை குறித்துக்கொள்ளுங்கள். பலகையே வைக்கவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்தக்காரர் பெயர், ஒர்க் ஆர்டர் நகல், பில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல் மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு நகல் வேலையைக் கொடுத்த துறையின் செயற்பொறியாளருக்கு. அதுதான் பில் போகிற வழி, அதை மறந்துவிடாதீர்கள்.

நம் வீட்டு வேலையைப் பற்றியும் கேட்டார்கள். குழுக் கடன் வாங்கி வீடு கட்டுகிறோம், பழைய வீட்டை இடிக்கிறோம். மேஸ்திரியிடம் பேச்சு முடிக்கும்போதே இடிபாடு எங்கே போகும் என்று பேசி, அந்தக் கூலியையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காரையும் உடைந்த செங்கலும் புது வீட்டு பேஸ்மென்ட் நிரப்ப ஆகும். மிஞ்சினால் தெருவில் வேறு யார் அடித்தளம் போடுகிறார்கள் என்று கேட்டுக் கொடுங்கள். கஜா புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் இன்னும் சில வீடுகளில் பின்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். அதை மட்டும் உடைத்து நிரப்ப வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து, உடைக்காமல், மூடி வையுங்கள்.

கிராம சபை 2022ல் இருந்து வருடத்துக்கு ஆறு தடவை என்று ஆனது. மார்ச் 22ம் நவம்பர் 1ம் புதிதாகச் சேர்ந்தவை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், வரத்துவாரியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. 2025 ஜனவரியில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோது, கேட்க ஆள் இல்லை என்று பல ஊர்களில் விட்டுவிட்டார்கள். தீர்மானப் புத்தகம் அப்போதும் இருந்தது. எழுதச் சொல்ல வேண்டிய தீர்மானம் இரண்டே வரி: இந்த ஊராட்சியில் எந்தக் கட்டடத்தை இடிக்க ஏலம் விட்டாலும் இடிபாடு போகும் இடத்தை ஏல நிபந்தனையிலேயே குறிப்பிட வேண்டும்; அந்த இடத்துக்குக் கழிவு போய்ச் சேர்ந்ததை ஊராட்சி பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே டெபாசிட் திரும்பத் தர வேண்டும். படித்துக் காட்டச் சொல்லி, புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு ஊராட்சியில் இருந்தும் அந்தத் தீர்மான எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள்.